விபத்து நடக்காத இடத்தில் ஒரு சிலுவை

அத்தியாயம் 6

"அவங்க என்னைப் பார்த்திருப்பாங்களா, டோன்யா?"

அர்செனியோ பாகா இதை நான்காவது தடவையாகக் கேட்டான். சிறையின் பார்வையாளர் அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஆறடி உயரம், தர்ப்பூசணி லாரி டிரைவர். முழங்கை வரை இரண்டு கையிலும் தீத்தழும்பு. எரிகிற காரின் கதவை வெறுங்கையால் இழுத்ததில் வந்தது.

"எதைப் பார்த்திருப்பாங்கன்னு கேக்கறே?" என்றார் டோன்யா தோமாசா.

"என் லாரி வர்றதை. கண்ணாடியில ஹெட்லைட் பெரிசாகிக்கிட்டே வர்றதை. கத்தியிருப்பாங்களா? ராத்திரி கண்ணை மூடினா அந்த அம்மா என்னைத் திரும்பிப் பாக்கறாங்க."

"அஞ்சு மணிக்கு வக்கீல் வருவார். நான் போன் பண்ற வரைக்கும் குத்தத்தை ஒத்துக்கற அந்தக் காகிதத்தில கையெழுத்துப் போடாதே."

"போட்டுடறேன் டோன்யா. ஏழு வருஷம்தானே. கொன்னவன் நான்தானே."

டோன்யா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும், நடை கூடும். வாசலுக்கு வருவதற்குள் நான் ஓட வேண்டியிருந்தது. என் இடுப்புக்கு அது ஆகாது.

என் பெயர் லாலோ. பதினாறு வருடம் இந்தப் பாலைவன நெடுஞ்சாலையில் விபத்து வண்டிகளைக் கட்டி இழுத்தவன். ஒரு நாள் இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு டோன்யா தோமாசா கிரோகாவுக்கு டிரைவர், உதவியாளர், திட்டு வாங்குபவர் எல்லாம் நானே. டோன்யா என்றால் எங்கள் பக்கம் 'அம்மா' என்கிற மரியாதை. அவர் இன்சூரன்ஸ்காரர்களுக்காக இருபது வருடம் பொய்களைப் பிடித்தவர். இப்போது அகுவா செக்காவிலிருந்து தெற்கே எல்லை வரைக்கும் துப்பறிய இருக்கிற ஒரே ஆள் அவர்தான். போட்டிக்கு ஆள் இல்லாததால்தான் ஜெயிக்கிறார் என்று நான் சொல்வதுண்டு. பெரும்பாலும் அவர் காதில் விழாதபடி.

"நாற்பத்தேழாவது மைல் கல்லுக்கு விடு" என்றார்.

"வானத்தைப் பார்த்தீங்களா?"

தென்மேற்கில் மலைகளைக் காணவில்லை. அந்த இடத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று தரையோடு ஒட்டி நின்றது. ஜூலை மாதம், மணி ஒன்றரை, காற்று அசையவே இல்லை. வறண்ட ஏரிப் பக்கம் புழுதி கிளம்புவதற்கு முன் இப்படித்தான் இருக்கும். ரேடியோக்காரன் எச்சரிக்கை படித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன். அதனாலதான் சீக்கிரம் விடுன்றேன்."

பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரீட்டோ ரொட்டி ஒன்றைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டே கிளம்பினோம்.

வழக்கு இதுதான். போன வருடம் ஜூலையில் ஒரு பிற்பகல், கண் தெரியாத புழுதிப் புயல். நாற்பத்தேழாவது மைலில் சாலை ஓரமாக ஒரு கார் நின்றது. உள்ளே நியேவெஸ் அர்ச்சுலெட்டா, பள்ளிக்கூட பஸ் டிரைவர். பின்னால் வந்த அர்செனியோ, முன்னே தெரிந்த இரண்டு சிவப்பு விளக்கை ஓடுகிற வண்டி என்று நினைத்து அதன் பின்னாலேயே போனான். போய் மோதினான். கார் தீப்பிடித்தது. ஆராய்ந்து பார்க்க மிச்சம் எதுவும் இல்லை. ஆராய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பெண் பயந்துபோய் விளக்கை எரியவிட்டாள், லாரிக்காரன் நிற்காமல் ஓட்டினான் என்று எழுதி மூடிவிட்டார்கள். எரிந்த காரை இழுத்து வந்தது நான்தான். அதுதான் என் கடைசி வண்டி.

"லாலோ, புழுதி வந்தா என்ன பண்ணணும்?"

"இது என்ன கேள்வி? ரோட்டை விட்டு இறங்கணும். எல்லா லைட்டையும் அணைக்கணும். பிரேக்கிலேருந்து காலை எடுக்கணும். அப்புறம் தெரிஞ்ச சாமி எல்லாத்தையும் கூப்பிடணும்."

"லைட்டை ஏன் அணைக்கணும்?"

"பின்னாடி வர்றவன் அதைப் பார்த்து ரோடு அங்கதான் போகுதுன்னு வந்து இடிப்பான். நம்ம ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், டோன்யா."

"கைக்குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

நான் யோசித்துக்கொண்டே கியரை மாற்றினேன்.

"என் தம்பி பையன் அந்தம்மா பஸ்லதான் போனான்" என்றார் டோன்யா. "வருஷா வருஷம் பள்ளிக்கூடம் மூடுற கடைசி நாள், பஸ்ஸை ஓரங்கட்டி, எல்லாத்தையும் அணைச்சு, நாற்பது பிள்ளைங்களையும் பத்து நிமிஷம் வாய் திறக்காம உட்கார வைப்பாங்களாம். அதுதான் பாடம். இருபத்திரண்டு வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்தவங்க, தன்னோட லைட்டை எரியவிட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்களாம். நம்பச் சொல்றாங்க."

"பயத்துல மறந்திருக்கலாம்."

"பயந்தா மனுஷனுக்குப் பழகினதுதான்டா வரும். புதுசா எதுவும் வராது."

சாலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பன்னிரண்டாவது மைலில் முதல் சிலுவை வந்தது. நான் நெற்றியில் கை வைத்து, "கமீலோ, நீல ஃபோர்டு, டயர் வெடிச்சது" என்றேன்.

எங்கள் பக்கம் சாலையில் உயிர் போனால், போன அதே இடத்தில் சிலுவை நடுவார்கள். பத்தடி தள்ளி நட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஆத்மா தேடிக்கொண்டு அலையும். இந்தச் சாலையில் நிற்கிற ஒவ்வொரு சிலுவைக்கும் உரிய வண்டியை நான் இழுத்திருக்கிறேன். அதனால் கடக்கும்போது பெயரையும் வண்டியையும் சொல்லிவிடுவேன். யாராவது ஒருத்தன் சொல்ல வேண்டாமா?

"பத்தொன்பது. ஓர்த்தென்சியா, பால் வண்டி, குறுக்கே மாடு."

"உன்கூட வர்றதுக்கு நான் சவ ஊர்வலத்திலேயே வந்திருக்கலாம்" என்றார் டோன்யா.

"அதுல புரீட்டோ தரமாட்டாங்க."

முப்பத்தொன்று. முப்பத்தெட்டு. நாற்பத்து மூன்றாவது மைலில் காட்டாற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். அதன் ஓரம், புதர் மறைவில், முழங்கால் உயரத்தில் ஒரு சின்னச் சிலுவை. என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. வாய் திறந்தது. பெயர் வரவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கிழடு தட்டிவிட்டது என்று டோன்யா ஒரு வாரம் ஓட்டுவார்.

நாற்பத்தேழில் இறங்கினோம். நியேவெஸின் சிலுவை இடுப்புயரம். வெள்ளை வர்ணம், புகைப்படம், பித்தளையில் பெயர். பள்ளிக்கூடத்தார் வைத்தது. பிளாஸ்டிக் பூக்கள் வெயிலில் வெளுத்துப் பஞ்சாக நின்றன. மெழுகுவர்த்திக் கண்ணாடிக்குள் எறும்புப் புற்று. புகைப்படத்தில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு படம். எனக்கு அர்செனியோ ஞாபகம் வந்து, பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"புருஷன் வீடு எங்கே?"

"ஃபெர்மீன் அர்ச்சுலெட்டாவா? அதோ, இந்த முள்வேலியோட போனா ரெண்டு மைல். வேலி போடறதுதான் அவருக்குத் தொழில்."

"ரெண்டு மைல்ல இருக்கிற மனுஷன் ஒரு வருஷமா இங்கே வந்து ஒரு பூ மாத்தலை." டோன்யா எறும்புப் புற்றைக் குனிந்து பார்த்தார். "பொண்டாட்டி மேல பிரியம் இல்லாதவரோ?"

"சேச்சே. சாவுக்கு நான் போயிருந்தேன். மனுஷன் சவப்பெட்டிப் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு கையிலும் கட்டு போட்டுக்கிட்டு, பார்க்கவே பாவமா இருந்தது."

"கையில என்ன கட்டு?"

"கூரைத் தகரம் கிழிச்சிடுச்சாம்."

டோன்யா அந்த முள்வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று முதல் தடவையாக அசைந்தது. வாயில் மண் ருசித்தது. இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"டோன்யா, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது. நாற்பத்து மூணுல ஒரு சிலுவை இருக்கு. அது யாருதுன்னு எனக்குத் தெரியலை."

"மறந்திருப்பே."

"வண்டியை மறக்கமாட்டேன். அந்தப் பாலத்துல நான் எதையும் இழுக்கலை. நான் வேலையை விட்டப்புறமும் அங்கே ஒண்ணும் நடக்கலை. நடந்திருந்தா என் மச்சான் சொல்லியிருப்பான், இப்ப அவன்தானே இழுக்கறான். டோன்யா, அங்கே விபத்தே நடக்கலை!"

அவர் சிரிக்கவில்லை.

"இதை நாலு மைலுக்கு முன்னாடி சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு? வண்டியை எடு, கழுதை!"

திரும்பிப் போகும்போது பழுப்புச் சுவர் பாதி வானத்துக்கு ஏறியிருந்தது. அதன் அடியில் வறண்ட ஏரி காணாமல் போய்க்கொண்டிருந்தது.

சின்னச் சிலுவையில் பெயர் இல்லை. இரண்டு வேலிக் கட்டைத் துண்டுகள், நடுவில் கம்பி முறுக்கு. ஆனால் மரத்தில் புது எண்ணெய் பளபளத்தது. சுற்றிலும் கழுவி அடுக்கிய கூழாங்கற்கள். நேற்று வைத்த மாதிரி ஓர் ஆரஞ்சு சோடா பாட்டில்.

"பெயர் இருக்கிற சிலுவைக்கு ஆள் வர்றதில்லை. ஆள் வர்ற சிலுவைக்குப் பெயர் இல்லை" என்றார் டோன்யா. "இந்த முறுக்கைப் பாரு."

"வேலிக்காரன் முறுக்கு. ஆனா இங்கே பாதிப் பேருக்கு இது தெரியுமே. நானே போடுவேன்."

"சரி, இதைப் பாரு."

சிலுவையைச் சுற்றி மண்ணில் மூன்று பழைய குழிகள், மூடிய தடத்தோடு. சாய்ந்து, மறுபடி நட்டு, மறுபடி சாய்ந்திருக்கிறது.

"மணல்ல ஒரு அடிதான் இறக்கியிருக்கான். ஒவ்வொரு புயலுக்கும் விழுந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் யாரோ தூக்கி நட்டிருக்காங்க." டோன்யா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "புயல் அன்னிக்கு இந்தச் சிலுவைக்குச் சொந்தக்காரன் வீட்டுல சும்மா உட்கார்ந்திருப்பானா?"

"இதுல எவன் வருவான்? மனுஷன் வெளியே நிக்க முடியாது."

"அதான் பார்ப்போமே. வண்டியைப் புதருக்குப் பின்னாடி இறக்கு. லைட்டை அணை. பிரேக்கிலேருந்து காலை எடு."

மணி மூன்று ஐம்பது. ஐந்துக்கு வக்கீல் வருவார். போனில் சிக்னல் இல்லை. நான் அதைச் சொன்னேன். தனக்கும் கண் இருக்கிறது என்றார்.

பிறகு அது வந்தது. முதலில் வெளிச்சம் சிவந்தது, அப்புறம் மங்கியது, அப்புறம் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வண்டி ஆடியது. மண் கதவைச் சுரண்டியது. நாற்பது பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். நினைத்திருக்கக்கூடாது. பின்சீட்டில் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது.

"டோன்யா, ஏதாவது பேசுங்களேன்."

"பதினாறு வருஷம் பொணத்தோட புழங்கினவன்தானே நீ?"

"அதுங்க எல்லாத்தையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்."

புழுதி கொஞ்சம் மெலிந்தது, அப்போதுதான் அதைப் பார்த்தேன். புழுதிக்குள் ஓர் உருவம், சிலுவை இருந்த பக்கம். குனிந்தது. மண்டியிட்டது. பிறகு சிலுவையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் கும்பிடாத தெய்வம் இல்லை. டோன்யா வெள்ளைக் கழுத்துத்துணியைத் தலையோடு வாயையும் மூடிச் சுற்றிக்கொண்டு கதவைத் தள்ளி இறங்கிவிட்டார்.

போகாதீர்கள் என்று கத்தினேன். அந்தக் காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆண்பிள்ளை வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது கேவலமாகப் பட்டதால் நானும் இறங்கி, தவழாத குறையாகப் பின்னால் போனேன்.

டோன்யா அந்த உருவத்துக்கு மூன்றடி முன்னால் நின்றார். உருவம் நிமிர்ந்தது. வயதான முகம், கண்ணெல்லாம் மண். ஃபெர்மீன் அர்ச்சுலெட்டா. வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்தது பயம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று. பழகிப்போன மாதிரி ஒரு பார்வை.

"வந்துட்டேன், நியேவெஸ்" என்றார். "விழவிடலை, பாரு. கெட்டியா புடிச்சிருக்கேன். நீ வீட்டுக்கு வராதே, தாயீ. நான்தான் இங்கே வர்றேனே."

டோன்யா இன்னும் ஓரடி கிட்டே போனார்.

"நான் வேணும்னு தள்ளலை. உனக்கே தெரியும். தங்கச்சி வீட்டுக்குப் போறேன், இனி வரமாட்டேன்னு சொன்னே. சாவியைத்தான் புடுங்கினேன். பாலத்துச் சிமெண்டுல தலை படும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரே தள்ளுதானே, நியேவெஸ்..."

டோன்யா மெதுவாகத் துணியை முகத்திலிருந்து இறக்கினார்.

"நான் நியேவெஸ் இல்லை, டோன் ஃபெர்மீன்."

அந்த மனிதர் ஓடவில்லை. சிலுவையை விடவும் இல்லை. அவருக்கு எங்கே போவதாம்? காற்று தணிகிற வரை மூன்று பேரும் அந்தச் சிலுவையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இதற்கு முன்னும் இப்படி ஒரு கால் மணி நேரத்தை நான் அனுபவித்ததில்லை, இனியும் வேண்டாம்.

வெளுக்கத் தொடங்கியதும் அவரே சொன்னார். அன்றைக்கு அவள் காரில் அவரும் கூடவே ஏறி வந்திருக்கிறார். இறந்தவளை அதிலேயே ஏற்றி, நாற்பத்தேழு வரை ஓட்டியிருக்கிறார். அதற்குள் புழுதி வந்துவிட்டது. சாலை விளிம்பில் நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். கண் தெரியாததால் முள்வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இரண்டு மைல் நடந்து வீடு போயிருக்கிறார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். முட்கள் வரிசையாகக் கிழித்த தழும்பு. கூரைத் தகரம் வரிசை பார்த்துக் கிழிக்காது.

"விளக்கை ஏன் அணைக்கலை?" என்றார் டோன்யா.

அவர் உள்ளங்கைகளை மூடிக்கொண்டார்.

"எவனாவது வருவான்னுதான்."

எனக்கு அர்செனியோவின் வெந்த கைகள் கண்ணில் நின்றன. அந்த ஆளை அறைய வேண்டும் போல் இருந்தது. அழவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"தப்பிச்சிட்டீங்களே டோன்" என்றேன். "இந்தச் சிலுவை இல்லேன்னா ஊர்ல ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. இதை ஏன் நட்டீங்க?"

என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உயிர் போனது இங்கேதானே? அங்கே பெரிசா ஒண்ணு வெச்சாங்க. அதுல அவ இல்லை. தினம் வீட்டு வாசல்ல வந்து நின்னா. இங்கே நட்டப்புறம்தான் நிம்மதியாத் தூங்கினேன். ஒருத்தி போன இடத்தைப் பத்திக்கூடவா பொய் சொல்ல முடியும்?"

கொலையை மறைத்தார், விளக்கை எரியவிட்டதை மறைத்தார், ஒரு வருடம் ஊரையே ஏமாற்றினார். சிலுவையை மட்டும் நாலு மைல் தள்ளி நட அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் வந்திருக்காது.

"மணி என்னடா?" என்று டோன்யா கத்தினார்.

நான்கு ஐம்பத்திரண்டு.

சாலை மேட்டுக்கு ஓடினார். அங்கும் சிக்னல் இல்லை. என் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறினார். அறுபது வயதுக்குக் கொஞ்சம்தான் பாக்கி, பாவாடையோடு. கேபின் கூரையில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"கூரை நசுங்குது, டோன்யா!"

"வாயை மூடு! ஹலோ! வக்கீல் சார், பேனாவை மூடுங்க. இல்லை, அப்புறம் சொல்றேன். முதல்ல போனை அர்செனியோகிட்டே குடுங்க."

ஒலிபெருக்கியைப் போட்டார். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"டோன்யா? நான் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டேன், நீங்க—"

"கேளு. நீ அந்தக் காரை மோதினப்போ நியேவெஸ் உயிரோட இல்லை. நீ வர்றதுக்கு முன்னாடியே, வேற இடத்துல, வேற ஒருத்தன் கையால போயிட்டாங்க. அந்த ஆள் இங்கே என் எதிர்லேயே உட்கார்ந்திருக்கான். அந்த விளக்கை உனக்காக எரியவிட்டதும் அவன்தான். நீ யாரையும் கொல்லலை."

தரைப்பாலத்தின் மேல் முதல் மழைத்துளிகள் விழுந்து மண் வாசனை கிளம்பியது.

"அப்போ..." என்றான் அர்செனியோ. "அவங்க கண்ணாடியில என்னைப் பார்க்கலையா?"

"பார்க்கலை, மிஹோ, என் மகனே."

"கத்தலையா?"

"கத்தலை."

அதற்குப் பிறகு போனில் வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. டோன்யா போனை அணைக்காமல், மழையில் நனைந்துகொண்டே, அவன் முடிக்கிற வரை கூரை மேல் நின்றார்.

ஃபெர்மீனைப் பின்சீட்டில் ஏற்றினேன். ஏறுவதற்கு முன் சிலுவையைத் திரும்பிப் பார்த்தார். காற்றில் சாய்ந்திருந்தது. ஒருத்தரும் கேட்காமலே நான் போய், என் பழைய இழுவைச் சங்கிலியின் இரும்புக் கொக்கியால் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டி நேராக நட்டு, கல் போட்டு இறுக்கினேன். இனி எந்தப் புயலுக்கும் அது அசையாது.

வண்டியைக் கிளப்பியதும் நெற்றிக்குக் கை போயிற்று.

"நாற்பத்து மூணு" என்றேன். "நியேவெஸ் அர்ச்சுலெட்டா." வண்டி என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் நிறுத்தினேன்.

"பள்ளிக்கூட பஸ்" என்றார் டோன்யா. அவர் கையும் நெற்றிக்குப் போயிருந்தது.